பூத்திருக்கும் கஞ்சாச் செடியில் பூச்சி: மருந்துப் போத்தலை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கனடாவில் வீட்டுக்குள் சட்டப்படி நான்கு செடி வளர்க்கும் தமிழர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்ராறியோவின் லீமிங்டன் பக்கத்துப் பசுமைக்குடில்களில் குடைமிளகாய்ச் செடிகளோடு சில ஆண்டுகள் வேலை செய்தவன் நான். பூச்சியைப் பூச்சியால் அடக்கும் வித்தையை அங்கேதான் கற்றேன். கஞ்சா புகைப்பது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. பூ விட்ட செடியில் பூச்சி வந்தால், புகைப்பவருடைய நெஞ்சுக்குக் கேடு வராமல் என்ன செய்வது என்பது மட்டுமே பேச்சு.

முதலில், இது சட்டப்படி சரிதானா?

கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்க்கலாம். வீட்டுக்கு நான்கு, ஆளுக்கு நான்கு அல்ல. ஒரே வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தாலும் கணக்கு மாறாது. கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடை செய்திருக்கிறது. ஒன்ராறியோவில் வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். வாடகை வீடு, கொண்டோ என்றால் ஒப்பந்தத்தையும் கட்டட விதிகளையும் படித்துப் பாருங்கள்.

இந்தியாவில் கஞ்சாச் செடி வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இலங்கையிலும் குற்றம்தான். ஊரிலிருக்கும் மச்சானுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பி ஆசை காட்ட வேண்டாம்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் மருந்து அடிக்கிறோம். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

கத்தரிக்காயைக் கழுவுகிறோம், வேக வைக்கிறோம். வயிற்றுக்குள் போனதைக் கல்லீரல் ஓரளவு உடைத்து வெளியேற்றுகிறது. கஞ்சாவில் நாம் பயன்படுத்துவது பூவை. அந்தப் பூ முழுக்கப் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள். மேலே விழும் எண்ணெய், தூசி, மருந்து எல்லாவற்றையும் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். தோல் உரிக்க வழியில்லை. காய்ந்தபின் அதைக் கொளுத்திப் புகையை நேரே நுரையீரலுக்கு இழுக்கிறார்கள்.

சாப்பாட்டுப் பயிர்களுக்கு வகுத்த எச்ச வரம்புகள் எல்லாம் வாய்வழி உட்கொள்வதை மனத்தில் வைத்து வகுத்தவை. எரித்து இழுத்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. திராட்சைத் தோட்டங்களில் சாம்பல் நோய்க்கு அடிக்க அனுமதி உள்ள மருந்து அது. ஆனால் சூடாக்கும்போது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். 2016, 2017 ஆண்டுகளில் கனடாவில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் மருத்துவக் கஞ்சாவிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டு, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. நோய்க்காக வாங்கிப் பயன்படுத்திய மக்கள் அவர்கள். அதன் பிறகுதான் உரிமம் பெற்றோர் விற்கும் கஞ்சாவில் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிப்பது 2019 முதல் கட்டாயமானது. உங்கள் வீட்டு அலமாரியில் வளரும் செடியை எந்த ஆய்வகமும் சோதிக்கப் போவதில்லை. அந்தக் காவல் வேலை உங்கள் தலையில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியே வளரும் செடியின் மேல் வெயில் படுகிறது, மழை பெய்கிறது. பல இயற்கை மருந்துகள் சூரியனின் புறஊதாக் கதிரில் ஓரிரு நாளில் சிதைந்துவிடும். சாமந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் அப்படிப்பட்டது. வீட்டுக்குள் செடி வளர்க்க வைக்கும் கூடாரத்துக்குள், எல்இடி விளக்கின் கீழ், அந்தக் கதிரும் இல்லை, மழையும் இல்லை. வெளியே இரண்டு நாளில் போவது உள்ளே எத்தனை நாள் இருக்கும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

வேப்பெண்ணெய் அடிக்கலாமா? அது இயற்கைதானே?

நம் ஆட்களிடமிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். வேம்பின் மேல் நமக்கு உள்ள பற்று எனக்கும் உண்டு. வேப்பெண்ணெயின் பூஞ்சை எதிர்ப்புக்கு 1994இல் ஐரோப்பாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்பால் 2000இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தோற்றது. அம்மா காலத்திலேயே தெரிந்ததைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் வாதம். அந்த வழக்கைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனாலும், பூ விட்ட கஞ்சாவில் வேப்பெண்ணெய் வேண்டாம்.

அது எண்ணெய். பிசினோடு எண்ணெய் கலந்தால் எதை விட்டு எதைப் பிரிப்பது? வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடிகள் கருகும். காய்ந்த பூவில் அந்தக் கசப்பும் நாற்றமும் அப்படியே இருக்கும். புகைக்கும்போது எண்ணெயும் சேர்ந்துதான் எரியும். மேலும், வேம்பின் வீரியச் சத்தான அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. தின்ன விடாமலும் தோலுரித்து வளர விடாமலும் தடுக்கிறது. அதற்கு வாரக்கணக்கில் பலமுறை அடிக்க வேண்டும். பூக்கும் பருவம் மொத்தமே எட்டு முதல் பத்து வாரம். கணக்குப் பொருந்தவில்லை.

கனடாவில் இன்னொரு சிக்கல். இங்கே கடைகளில் வேப்பெண்ணெய் பெரும்பாலும் இலைக்குப் பளபளப்பு ஊட்டும் பொருளாகத்தான் விற்கப்படுகிறது. அந்தப் போத்தலைப் பூச்சிமருந்தாக யாரும் மதிப்பிட்டதில்லை. சுவாசிக்கும் பொருளில் அடிப்பது இன்னும் தள்ளிய விஷயம்.

ஒரு வதந்தியையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நீண்டகாலம் கஞ்சா பயன்படுத்தும் சிலருக்கு அடங்காத வாந்தி நோய் வருகிறது. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் இதை விரிவாக எழுதினார்கள். அதற்கு வேப்பெண்ணெய்தான் காரணம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. வேப்பெண்ணெயைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

பூண்டு மிளகாய்க் கரைசல், மோர், பஞ்சகவ்யம், புகையிலைத் தண்ணீர்?

பூவில் எதுவும் வேண்டாம். மிளகாய் எரியும்போது சமையலறையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே புகையை வேண்டுமென்றே உள்ளே இழுப்பீர்களா? மோரும் பஞ்சகவ்யமும் நுண்ணுயிர் நிறைந்தவை. வயலில் அவற்றின் இடம் வேறு. அடர்ந்த பூவுக்குள் ஈரமும் புளிப்பும் சாணக் கிருமியும் புகுந்தால் பூசணத்துக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

புகையிலைத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசம். யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு, ஊறவைத்த புகையிலைத் தண்ணீர் பழகிய கைவைத்தியம். ஆனால் நிகோட்டின் தோல்வழியே உடலில் ஏறும் நஞ்சு. கலக்கும்போதே கலக்குபவருக்கு ஆபத்து. 

என்ன பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். அறுபது மடங்கு காட்டும் சின்ன நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது. இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செடி சுத்தம் என்று சொல்பவர்கள்தான் ஒரு மாதம் கழித்து அழுகிறார்கள்.

இலையின் மேல் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள், அடியில் உருண்டையான கண்ணாடி முட்டைகள், முதுகில் இரண்டு கரும்புள்ளியோடு ஊர்பவை: இது சிலந்திப்பேன். ஈழத்தில் சிற்றுண்ணி என்போம். வலை தெரிகிறது என்றால் நீங்கள் பல வாரம் தாமதம்.

வெள்ளிபோல் மினுங்கும் கீறல், அதன்மேல் கரும்புள்ளிக் கழிவு: இலைப்பேன், ஈழத்துப் பேச்சில் பனிப்பூச்சி. தண்டில் கூட்டமாக ஒட்டி, இலையில் தேன்போல் பிசுபிசுப்பு விட்டால் அசுவினி, அதாவது அழுக்கணவன். தட்டினால் வெள்ளைத் தூசிபோல் பறப்பது வெள்ளை ஈ. மண்மேல் தத்திப் பறக்கும் கருங்கொசு வேறு ரகம். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்ணால் பிடிக்க முடியாது: சணலில் வரும் துருப்பேன். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம். வலை பின்னாது. இலையோரம் மேல்நோக்கிச் சுருளும், செடி மங்கலாய், ஏதோ சத்துக் குறைபாடு போலத் தோன்றும். உரத்தை மாற்றி மாற்றி ஊற்றிச் சலித்தவர்கள், கடைசியில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துத் திடுக்கிடுவார்கள்.

பூ மூன்றாம் வாரம். சிலந்திப்பேன் வந்துவிட்டது. இப்போதே என்ன செய்வது?

பதறாதீர்கள், ஆனால் நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில் இந்தப் பேன் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஒரு பெண் பேன் நூறு முட்டை வரை, சில வேளை அதற்கு மேலும் இடும். 20 டிகிரிக்கு அறையைக் குளிர்வித்தால் அந்த ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீளும். ஆகவே முதல் வேலை விளக்கை உயர்த்தி, காற்றோட்டத்தைக் கூட்டி, வெப்பத்தை இருபது, இருபத்திரண்டுக்கு இறக்குவது. செலவில்லாத மருந்து இது.

இரண்டாவது, அதிகம் தாக்கப்பட்ட கீழ் இலைகளைக் கிள்ளி, கிள்ளியதும் உறையில் போட்டு மூடி வெளியே கொண்டு போங்கள். அறைக்குள் தரையில் போட்டு வைத்தால், பேன் பொடிநடையாகத் திரும்பி ஏறும். அந்த அறையில் வேலை முடிந்ததும் சட்டையை மாற்றுங்கள். பேன் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம் கையிலும் துணியிலும்தான்.

மூன்றாவது, மொட்டுகள் இன்னும் திரளவில்லை என்றால் மட்டும், வெறும் தண்ணீரால் இலையின் அடிப்புறத்தைக் கழுவலாம். விளக்கு அணைய இன்னும் பல மணி நேரம் இருக்கும்போது செய்து, மின்விசிறியால் முழுக்கக் காய வையுங்கள். ஈரத்தோடு இருட்டுக்குள் விட்டால் பேனுக்குப் பதிலாகப் பூசணம் கிடைக்கும்.

நான்காவது, இரைவிழுங்கிகள், அதாவது சிலந்திப்பேனை வேட்டையாடித் தின்னும் வேறு பேன்கள். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரைவிழுங்கிப் பேன்கள் என்கிறீர்களே, எதை வாங்குவது?

பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்பது புகழ்பெற்ற வேட்டைக்காரன். 1958இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாகப் போய் இறங்கியது. இன்று உலகம் முழுவதும் பசுமைக்குடில்களில் வேலை பார்க்கிறது. வலை பின்னும் சிலந்திப்பேன்களைத் தவிர வேறெதையும் தின்னாது. நாளொன்றுக்கு வளர்ந்த பேன் ஐந்து, அல்லது முட்டை இருபது என்று போடும். இரை தீர்ந்தால் தானும் பட்டினி கிடந்து மறையும். ஆரஞ்சுச் சிவப்பு நிறம், பேரிக்காய் வடிவம், நீண்ட கால், நல்ல ஓட்டம். இதைத்தான் புதியவர்கள் "ஐயோ, சிவப்புப் பேன்" என்று நசுக்கிவிடுகிறார்கள். மெதுவாக ஊர்ந்து முதுகில் இரு புள்ளியோடு இருப்பது எதிரி, சிவந்து பளபளத்து ஓடுவது உங்கள் ஆள்.

ஆனால் பெர்சிமிலிசுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் முட்டைகள் சரியாகப் பொரிக்காது. பூக்கும் பருவத்தில் நாமோ பூ அழுகலுக்குப் பயந்து ஈரத்தை 40, 50 என்று வைத்திருப்போம். ஒன்றைக் காக்கப் போனால் மற்றது கெடும். இந்த இழுபறியைத்தான் பூக்கும் பருவத்தின் முழுச் சிக்கலாக நான் பார்க்கிறேன்.

அங்கேதான் கலிபோர்னிகஸ் என்ற இன்னொரு வேட்டைப் பேன் கைகொடுக்கும். வேகம் குறைவு, ஆனால் வறண்ட காற்றைத் தாங்கும். இரை இல்லாத நாளில் மகரந்தம் தின்று பிழைத்திருக்கும். சிறு காகிதப் பைகளில் வரும். கிளையில் தொங்கவிட்டால் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். என் வழக்கம் இது: பூப் பருவத்துக்கு விளக்கை 12 மணி நேரமாகக் குறைப்பதற்கு முன்பே, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கலிபோர்னிகஸ் பை ஒவ்வொரு செடியிலும் ஒன்று. பேன் கண்ணில் பட்டுவிட்டால், பட்ட இடத்தில் பெர்சிமிலிஸைத் தூவுவேன். வந்த அன்றே திறந்து விட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்து மறந்தால் செத்த பேனுக்குப் பணம் கொடுத்ததாகும்.

இலைப்பேனுக்குக் குக்குமெரிஸ், வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் சேர்த்து ஸ்விர்ஸ்கி என்று பேன்கள் உண்டு. குடைமிளகாய்க் குடில்களில் இலைப்பேனை அடக்க ஓரியஸ் என்ற சிறு மூட்டைப்பூச்சி வகையை விடுவோம். அங்கே அது சூரன். அதே நம்பிக்கையில் கஞ்சா அறையில் விட்டால் ஏமாற்றம். பகல் குறைந்தால் ஓரியஸ் முட்டையிடுவதை நிறுத்தி உறக்கநிலைக்குப் போய்விடும். பூப் பருவத்தில் நாம் வைக்கும் 12 மணி இருட்டை அது இலையுதிர்காலம் என்று எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பேன்கள் எல்லாம் பூவிலேயே ஒட்டிக்கொண்டு செத்துப் போகாதா?

சில ஒட்டிக்கொள்ளும். பிசின் முற்ற முற்ற வேட்டைப் பேனுக்கும் நடமாட்டம் கடினம். அதனால்தான் பூ திரள்வதற்கு முன்பே விடச் சொல்கிறேன். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் புதிதாக எதையும் விடுவதில்லை. அறுத்துத் தொங்கவிட்டதும் உயிரோடிருப்பவை ஈரத்தைத் தேடி இறங்கிப் போகும். ஒன்றிரண்டு செத்த பேன் இருப்பதும், பூ முழுக்க மருந்து இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் வலை கட்டிய, முட்டை நிறைந்த பூவை "பரவாயில்லை" என்று யாரும் புகைக்க வேண்டாம்.

மண்ணிலிருந்து கருங்கொசு பறக்கிறது.

அது கடிக்கும் கொசு அல்ல, பூஞ்சை ஈ. ஈரமண்ணில் முட்டையிடும், புழுக்கள் வேரின் நுனியைத் தின்னும். பெரும்பாலும் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுவதால் வருவது. மேல்மண் இரண்டு விரல்கடை காயும்வரை பொறுங்கள், பாதிச் சனியன் தானே போகும். மிச்சத்துக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையை மண்ணையொட்டிப் படுக்கையாக வையுங்கள். ஸ்டைனர்னீமா ஃபெல்டியே என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம். கொசுப்புழுவைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாவும் வேலை செய்யும். இவை மண்ணோடு நிற்பவை, பூவைத் தொடுவதில்லை. பூக்கும் பருவத்தில் நான் மனக்கலக்கமின்றிப் பரிந்துரைக்கும் சில விஷயங்களில் இவை இரண்டும் அடங்கும்.

பொறிவண்டு வாங்கி விட்டால்?

விளக்கை நோக்கிப் பறக்கும், சுட்டுக் கருகும், மீதி உங்கள் வரவேற்பறைத் திரைச்சீலையில் குடியேறும். குழந்தைகளுக்கு மகிழ்ச்சி.

கடைப் போத்தலில் "ஆர்கானிக்" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அந்தச் சொல்லை விட்டுவிட்டு, போத்தலின் முகப்பில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். கனடாவில் சட்டப்படி விற்கும் பூச்சிமருந்தின் முகப்பில் ஒரு பதிவு எண்ணும், பூச்சிக்கட்டுப்பாட்டுப் பொருள் சட்டத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை ஹெல்த் கனடாவின் இணையத் தேடலில் கொடுத்தால் முழு விவரச்சீட்டும் வரும். அதில் "கஞ்சா" என்ற பயிர்ப் பெயர் இருக்கிறதா, உள்ளே வளர்ப்பதற்கு அனுமதி உண்டா, வீட்டுப் பயன்பாட்டு வகையா வணிக வகையா என்று பாருங்கள். பயிர்ப் பெயர் இல்லை என்றால் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கஞ்சாவுக்குப் பதிவானவற்றில் பெரும்பாலானவை நுண்ணுயிர்கள், பூச்சிச் சோப்பு, கனிம எண்ணெய், பொட்டாசியம் பைகார்பனேட் போன்றவை. பதிவு இருக்கிறது என்பதற்காகப் பூவின்மேல் அடிக்கலாம் என்று பொருளில்லை; எந்தப் பருவம்வரை என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கும். பூச்சிச் சோப்பு ஈரமாக இருக்கும்போது பட்ட பூச்சியை மட்டும் கொல்லும், முட்டையை விட்டுவிடும். பாத்திரம் கழுவும் திரவம் அதற்கு ஈடல்ல. அதில் வாசனையும் வேறு இரசாயனங்களும் உண்டு. வெள்ளை முடிகள் கொத்தாகத் திரளத் தொடங்கியபின், சீட்டு அனுமதித்தாலும், நான் தெளிப்பானைத் தொடுவதில்லை.

"அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு நிறுத்தினால் போதும்" என்று கடைக்காரர் சொல்லலாம். காய்கறிக்கு வகுத்த இடைவெளி அது. மழையும் வெயிலும் கழுவலும் உண்டு என்று நம்பி வகுத்தது. சாற்றோடு கலந்து செடி முழுக்கப் பரவும் மருந்துகள் இரண்டு வாரத்தில் எங்கும் போய்விடாது.

இலையில் வெள்ளை மா பூசியதுபோல் இருக்கிறது. பூவுக்குள் பழுப்பாகவும் இருக்கிறது.

இரண்டும் வேறு. மா பூசியது சாம்பல் நோய். தாக்கிய இலையை அகற்றி, செடிகளுக்கு நடுவே இடம் விட்டு, காற்றை ஓடவிடுங்கள். கந்தகம் எரிப்பது பழைய வழிமுறை. பூவில் படிந்து நாற்றமும் எரிச்சலும் தரும், வேட்டைப் பேனையும் கொல்லும். பூப் பருவத்தில் கூடாது.

பூவுக்குள்ளிருந்து பழுப்பாகி, தொட்டால் பொடிந்து சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தால் அது பொட்ரைட்டிஸ் அழுகல். கெட்ட இடத்துக்கு நன்றாகக் கீழேயே வெட்டி வீசுங்கள். "கெட்டதை மட்டும் சுரண்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன்" என்பது பலாச்சுளைக்குச் சரியாக இருக்கலாம், இதற்குச் சரியில்லை. முக்கியமாக, புற்றுநோய் மருத்துவத்தில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூசணம் பிடித்த கஞ்சா உயிராபத்தான நுரையீரல் தொற்றைத் தரக்கூடும்.

அறைக்குள் புகைக்குண்டு வைக்கலாமா? கரியமில வாயு நிரப்பி மூச்சுமுட்ட வைக்கலாமா?

இரண்டுக்கும் பதில் வேண்டாம் என்பதே. முதலாவது பூ முழுக்க நஞ்சைப் பூசும். தீப்பிடிக்கும் வாயு வேறு. இரண்டாவது, பேன் சாவதற்கு முன் கதவைத் திறக்கும் நீங்கள் மயங்கி விழலாம்.

தெரியாமல் ஏற்கெனவே மருந்து அடித்துவிட்டேன். இப்போது?

என்ன மருந்து, எந்த வாரம் என்று பாருங்கள். மொட்டு வருவதற்கு வெகு முன்பு பூச்சிச் சோப்பு அடித்திருந்தால் கவலை சிறிது. ரோஜாவுக்கு வாங்கிய கூட்டு மருந்தோ, எறும்புக்கோ கரப்பானுக்கோ வாங்கிய தெளிப்போ, மைக்ளோபியூட்டனில், இமிடாக்ளோபிரிட், அபாமெக்டின் போன்ற பெயர்கள் உள்ளவையோ என்றால், அந்தச் செடியைப் பயன்படுத்தாதீர்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். வெண்ணெயில் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கொழுப்பில் கரையும் மருந்துகள் அந்த வெண்ணெயில்தான் போய்ச் சேரும்.

அறுத்தபின் பூவைத் தண்ணீரில் கழுவலாமா?

தூசி, முடி, சில செத்த பூச்சி போகும். சிலர் செய்கிறார்கள், நன்றாக உலர்த்தினால் குற்றமில்லை. செடிக்குள் ஊடுருவிய மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. கழுவலை நம்பி மருந்தடிப்பது தலைகீழான கணக்கு.

எப்போது செடியை வீசிவிட வேண்டும்?

வலை பூவின் உச்சிக்கு ஏறிவிட்டால். துருப்பேன் உறுதியானால். அழுகல் இரண்டு மூன்று பூக்களுக்கு மேல் பரவினால். இவற்றில் நான் தயங்குவதில்லை. மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை வெட்டுவது வயிற்றைப் பிசையும், அறிவேன். ஆனால் ஒரு செடியைக் காக்கப் போய் மற்ற மூன்றையும் இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரிய உறை ஒன்றைச் செடியின் தலைவழியே கவிழ்த்து, அடியில் வெட்டி, கட்டி வெளியேற்றுங்கள். ஆட்டி அசைத்துக் கொண்டு போனால் வழியெல்லாம் பேனை விதைத்தபடி போவீர்கள்.

இவ்வளவு சுத்தமாக வைத்தும் எங்கிருந்துதான் வருகிறது?

என் அனுபவத்தில் நம் வீடுகளில் முதல் சந்தேகம் கறிவேப்பிலைமேல். கோடை முழுக்கப் பின்வளவில் நின்ற தொட்டியைச் செப்டம்பர் கடைசியில், உறைபனிக்குப் பயந்து, உள்ளே தூக்கி வருகிறோம். மல்லிகையும் பின்னாலேயே வரும். இலையடியில் பேனும் செதில்பூச்சியும் சேர்ந்தே குடிவரும். ஹீட்டர் ஓடும் குளிர்கால வீட்டின் வறண்ட காற்று சிலந்திப்பேனுக்குச் சொர்க்கம். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே கையோடு கஞ்சாக் கூடாரத்தின் சிப்பைத் திறக்கிறோம். பேன் வர வேறு வழி தேவையா?

ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். காலையில் குளித்து உடை மாற்றியதும் முதலில் கூடாரம், அதன் பிறகுதான் மற்றச் செடிகள். கறிவேப்பிலை வேறு மாடியில் நிற்கட்டும். உள்ளே கொண்டுவரும் முன் குழாய்த் தண்ணீரால் இலையடியைப் பீய்ச்சிக் கழுவி, இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். அது சாம்பாருக்குப் போகும் இலை. அதற்கும் கண்ட மருந்து அடிக்க வேண்டாம்.

நண்பரிடமிருந்து வாங்கும் பதியன் நாற்று அடுத்த சந்தேகம். அதில் பேன் மட்டுமல்ல, அவர் சொல்லாமல் அடித்த மருந்தும் வரலாம். விதையிலிருந்து தொடங்கினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அறுவடை முடிந்தது. அடுத்த சுற்றுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கூடாரத்தைக் காலி செய்து, மடிப்புகள், சிப் ஓரம், கம்பிப் பொருத்துகள் என்று எல்லா இடமும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடையுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மின்விசிறி இறக்கைகளை மறக்க வேண்டாம். பேன் முட்டை ஒட்டிய காய்ந்த இலைத் துணுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். சுவரில் பழைய ஒட்டும் அட்டை இருந்தால் புதிதாக மாற்றுங்கள். இரண்டு வாரம் செடி எதுவும் இல்லாமல் வெறுமையாக விடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் வேட்டைப் பேன் பைகளுக்கு எங்கே முன்பதிவு செய்வது என்று விசாரித்து வையுங்கள். குளிர்காலத்தில் அஞ்சலில் உறைந்து போகாமல் அனுப்பித் தருகிறவர்கள் யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.